கால் அகட்டி நின்ற கார்

“நிலா, இந்த வெள்ளக்காரன் என்னமோ சொல்றான். கேட்டு எனக்கு எடுத்துச் சொல்லு.”

மார்கழிக் கடைசியில் ஒரு சாயங்காலம் அறிவுச்செல்வன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எதிர் வீட்டுக்காரர். இன்னொரு கையில் உரச்சாக்கு தொங்கியது. அதைக் கீழே வைத்தபோது உள்ளே எதுவோ கணீரென்றது.

தமிழ்நிலா பத்தாவது வரை ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்தவள். பிறகு தஞ்சாவூரில் கல்லூரியில் ஆங்கிலம் படித்து, குத்தாலத்தில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். கீழத்தெருவில் யாருக்கு ஆங்கிலத்தில் எது வந்தாலும் அவளிடம்தான் வரும். அவள் அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதுவும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“சாக்குல என்னண்ணே?”

“ஸ்பேசர்.” வெளியே எடுத்துக் காட்டினார். கனத்த வட்டத் தகடு. நடுவில் பெரிய ஓட்டை, அதைச் சுற்றிச் சின்ன ஓட்டைகள். புதுப் பாத்திரம்போல மின்னியது. அதேபோல இன்னொன்றும் இருந்தது. “வீல மாட்டுற ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல இத வச்சு முடுக்குனா வீலு இவ்வளவு வெளிய வரும்” என்று சுண்டுவிரல் அகலத்தைக் காட்டினார்.

“வெளிய வந்தா?”

“வண்டி கால அகட்டி நிக்கும்.”

“நின்னா?”

“நின்னா நல்லாருக்கும்.” இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

அவள் படத்தை ஓடவிட்டு, கொஞ்சம் கேட்பதும் நிறுத்திச் சொல்வதுமாக இருந்தாள்.

“நடு ஓட்டை ஹப்புல கச்சிதமா உக்காரணுமாம். துளிகூட ஆடக் கூடாதாம்.”

“உக்காருது. வச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குனேன்.”

“தகடு தடிமன்ங்கிறதால பழைய போல்ட்டு எட்டாதாம். நீளமா மாத்தணுமாம். நட்டு முழுசா மரை ஏறணுமாம்.”

“மயிலாடுதுறையில சொல்லி வச்சிருக்கேன். மேல?”

“ஒரு பக்கம் மட்டும் போடக் கூடாதாம். டயரு மட்காடுக்கு வெளிய நீட்டவும் கூடாதாம். ஆளு ஏறுனா ஒரசக் கூடாதாம்.”

“பின்னாடி ரெண்டுக்கும்தான் போடப் போறேன். உள்ள எடம் ஏகத்துக்குக் கெடக்கு.”

“டார்க் ரெஞ்சுன்னு ஒண்ணு இருக்காம். எவ்வளவு முடுக்கணுமோ அந்த அளவு வந்ததும் ‘டக்’குனு சொல்லுமாம். அதால முடுக்கணுமாம். கைக்கணக்கு ஆகாதாம்.”

“கைக்கணக்கு ஆகாதுன்னு என்கிட்டயே சொல்றானா?” அறிவுச்செல்வன் தம் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “சரி, சொல்றான்ல. எரவல் வாங்கிக்கிறேன்.”

“நூறு கிலோமீட்டர் ஓடுனதும் திரும்ப ஒரு தடவ முடுக்கணுமாம். கட்டாயமாம்.”

“ம்.”

“கடைசியா, ஒண்ணோட ஒண்ணு சேர்ற முகம் எல்லாம் சுத்தமா இருக்கணுமாம். துரு, அழுக்கு, பழைய பெயிண்டு எதுவும் இருக்கக் கூடாதாம்.”

“சுத்தத்த நமக்குச் சொல்லிக்குடுக்க அவன் வந்துட்டான். பளபளன்னு ஆக்கிடுறேன், நீ பாரு.”

எதிர் வீட்டிலிருந்து அவர் மனைவி செம்மொழி குரல் கொடுத்தாள். “நிலா, அவர ஒண்ணு கேளு. கொல்லக் கதவுக்கு ஒரு தாப்பா போட மூணு மாசமா நேரமில்ல. காருக்கு வளையல் போட மட்டும் நேரம் இருக்கா?”

“வளையல் இல்லடி, ஸ்பேசர்.”

“கைக்குப் போட்டா என்ன, காலுக்குப் போட்டா என்ன. வளையல்தான்.”

அறிவுச்செல்வன் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைய பேச்சு அவ்வளவுதான். தமிழ்நிலா அதைப் பிற்பாடு பலமுறை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். அவள் சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை. அவர் கேட்காமல் விட்டதும் இல்லை.

அறிவுச்செல்வன் வீரையனின் கடைசிப் பிள்ளை. வீரையன் பாதி ஆயுசை அடுத்தவர் நிலத்தில் நின்று கழித்துவிட்டு, பிறகு சில மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தாமே சாகுபடி செய்தவர். மகன் படித்து உத்தியோகம் போவான் என்று நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். மகனோ பத்தாவது முடித்த கையோடு அறுவடை மெஷினில் ஏறினார். அப்போது இந்தப் பக்கம் மெஷின் புதிது. டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வண்டி ஒன்று முதன்முதலாக ஊர் வயலில் இறங்கியபோது, ஆட்கள் முழங்கால் புதைய நின்ற சேற்றில் அது மட்டும் பாய் விரித்து நிற்பதுபோல் நின்றதாம். “அகலமா மிதிச்சு நிக்கிறான் பாரு, அவன் விழ மாட்டான்” என்று அறிவுச்செல்வன் இன்றைக்கும் சொல்வார். மெஷினை அவர் எப்போதும் அவன் என்றுதான் சொல்வார்.

குறுவைக்கும் சம்பாவுக்கும் ஊரில் ஓட்டுவார். இங்கே அறுப்பு ஓய்ந்ததும் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆந்திராவுக்கும் கர்நாடகத்துக்கும் போவார். தெலுங்கில் சண்டை போடுகிற அளவுக்குத் தெரியும். சமாதானம் பேசுகிற அளவுக்குத் தெரியாது என்பாள் செம்மொழி. வருஷத்தில் பாதி நாள் மெஷினின் அந்த உயரமான இருக்கையில் தூசும் சுணையுமாக உட்கார்ந்திருப்பவர், ஊருக்கு வந்தால் முதலில் செய்வது காரைக் கழுவுவது.

அந்தக் கார் கும்பகோணத்தில் வாங்கிய பழைய வெள்ளைக் கார். கீழத்தெருவுக்கு முதல் கார். அது வருவதற்கு முன்னால் தெருவில் கல்யாணம் என்றால் வாடகைக் காருக்குச் சொல்வார்கள். கார் வரும், ஆனால் பஸ் நிறுத்தத்தோடு நின்றுவிடும். உள்ளே ரோடு சரியில்லை என்பார் டிரைவர். அதே ரோட்டின் முதல் பாதியில் இருக்கிற மேலத்தெருவுக்குள் அதே கார் போனதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். யாரும் வாக்குவாதம் செய்வதில்லை. பெண் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்து போய் ஏறிக்கொள்வாள். அறிவுச்செல்வனின் அக்காவும் அப்படித்தான் நடந்து போனாள்.

தம் கார் வந்தபின் அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் காரை ரிவர்சிலேயே ஓட்டி வந்து, கார்க் கதவும் வீட்டு வாசற்படியும் நேருக்கு நேர் இருக்கும்படி நிறுத்துவார். பெண்ணோ மாப்பிள்ளையோ படியிலிருந்து இறங்கினால் நேராகக் காருக்குள். டீசல் போட்டால் போதும். பிரசவம், பாம்புக்கடி, காலேஜ் சேர்க்கை எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான் போயிற்று. “நம்ம வண்டி” என்றுதான் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். செம்மொழியிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவருக்குப் பெருமை தாங்காது.

நம்ம வண்டி கொஞ்சம் ஒடுங்கி நிற்கிறது என்பது அவர் மனக்குறை. பின் சக்கரங்கள் உள்ளடங்கி, குளிருக்கு ஒடுக்கிக்கொண்டு நிற்கிற ஆட்டைப்போல இருக்கிறது என்பார். அதற்குத்தான் ஸ்பேசர்.

தை பிறந்தது. தெருவில் மாடு வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் மாட்டுப் பொங்கல் குறையவில்லை. டிராக்டர், மெஷின், பைக், டில்லர் என்று எல்லாவற்றையும் வாய்க்காலில் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நெட்டி மாலை கட்டிவிடுவார்கள். தமிழ்நிலா எதிர் வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனபோது அறுவடை மெஷினின் நெற்றியிலும் காரின் நெற்றியிலும் பொட்டு இருந்தது. முன்னால் ஒரு வாழை இலையில் இரண்டு ஸ்பேசர்கள். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, உண்மையிலேயே பளபளவென்று ஆக்கியிருந்தார். அவற்றின் மேல் சந்தனம் கட்டைவிரல் கனத்துக்கு அப்பியிருந்தது.

“பாத்தியா? அந்த வெள்ளக்காரன் வீட்டுலகூட இவ்வளவு சுத்தமா இருக்காது” என்றார் அறிவுச்செல்வன்.

தமிழ்நிலாவுக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. அவர்கள் வீட்டு மிக்சிக்கும் அன்று பொட்டு இருந்தது.

மறுநாள் மயிலாடுதுறையில் நீளமான போல்ட் அடித்து, ஸ்பேசரைப் போட்டு, இரவல் வாங்கிய ரெஞ்சால் அது ‘டக்’கென்று சொல்லும் வரை முடுக்கி, காரை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கார் மாறித்தான் போயிருந்தது. அதே கார், ஆனால் பின்பக்கம் பார்த்தால் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. செம்மொழி சுற்றிவந்து பார்த்துவிட்டு, “வளையல் நல்லாத்தான் இருக்கு” என்று ஒப்புக்கொண்டாள்.

அதன்பின் சம்பா அறுப்பு மும்முரமாகிவிட்டது. விடிந்தால் மெஷின், அடைந்தால் தூக்கம். கார் போட்ட இடத்திலேயே நின்றது. தை கடைசியில் அதே தெருவில் தியாகராசன் மகள் யாழினியின் கல்யாணத்துக்காகத்தான் அதை மறுபடி எடுத்தார். ஸ்பேசர் போட்டபின் அதற்கு அதுதான் முதல் நெடும்பயணம். நூறு கிலோமீட்டர் முடிந்ததும் முடுக்கவேண்டும் என்பது அவருக்கு நினைவிருந்தது. மண்டபம் இருந்த ஆடுதுறை போய்வந்தாலும் நூறு ஆகாது.

பெண்ணழைப்பு. வெயில் தாழ்ந்த நேரம். கார்க் கதவு வாசற்படிக்கு நேரே நின்றது. யாழினி இறங்கி நேராக உள்ளே ஏறினாள். பக்கத்தில், இடது ஓரத்தில் தமிழ்நிலா. முன்னால் செம்மொழி. பெண்கள் ஏறிய வேன் முன்னாலேயே போய்விட்டது. பின்னால் சீர்வரிசை ஏற்றிய ‘குட்டியானை’ சரக்கு வண்டியில் டிரைவர் பக்கத்தில் தியாகராசன், பீரோ சாயாமல் வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வழியெல்லாம் ரோட்டில் நெல் காய்ந்தது. பாதி ரோட்டுக்குப் பரப்பி, ஓரத்தில் கல்லும் முள்ளும் வைத்திருந்தார்கள். சில இடங்களில் முழு ரோட்டுக்குமே பரப்பியிருந்ததால் மேலேயே ஏற்றித்தான் போகவேண்டியிருந்தது. டயருக்கடியில் சரசரவென்றது. யாழினி மாப்பிள்ளை அனுப்பிய செய்தியை வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஓடியது.

தமிழ்நிலாவுக்கு அந்தச் சரசரப்புக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. மரத்தை விரலால் தட்டுவதுபோல.

“அண்ணே, ஏதோ சத்தம் வருது.”

“வைக்கோல் சுத்தியிருக்கும்மா. எறங்குறப்ப எடுத்துவிட்டுருவேன்.”

நெல் பரப்பியிருந்த இடம் முடிந்து வெறும் தார் ரோடு வந்தது. சரசரப்பு நின்றது. தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. கார் வேகம் குறைந்தால் அதுவும் குறைந்தது, கூடினால் கூடிற்று. அவள் இருக்கைக்குக் கீழேயிருந்து வந்தது. அவள் முன்னால் குனிந்து, இந்தத் தடவை அவர் காதருகில் சொன்னாள்.

“நெல்லு முடிஞ்சுருச்சுண்ணே. சத்தம் முடியல. நிறுத்துங்க.”

அறிவுச்செல்வன் பாட்டை அணைத்தார். ஒரு நொடி கேட்டார். வாய்க்கால் கரை ஓரமாக மெல்ல ஒதுக்கி நிறுத்தினார். இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடது பின் சக்கரத்தின் முன் உட்கார்ந்து நட்டின் மேல் கையை வைத்தார். நட்டு அவர் விரலுக்குத் திரும்பியது. ஸ்பேனர் இல்லாமல், வெறும் விரலுக்கு.

பின்னால் வந்த குட்டியானை நின்றது. தியாகராசன் இறங்கி ஓடிவந்தார்.

“என்னப்பா?”

“வீல் நட்டு லூசாயிருக்கு மாமா.”

“முடுக்கிட்டுப் போயிருவோம். நல்ல நேரம் போயிடும்.”

“முடுக்கலாம். ஆனா ஏன் லூசாச்சுன்னு எனக்குத் தெரியல. தெரியாம மறுபடி பொண்ண ஏத்த மாட்டேன்.”

“அப்ப எம்பொண்ணு எதுலய்யா போவா?”

அறிவுச்செல்வன் குட்டியானையைப் பார்த்தார். தியாகராசனும் அதைப் பார்த்தார். வேறு வண்டி கண்ணுக்கெட்டிய தூரம் இல்லை. முன்னால் போன வேன் இந்நேரம் மண்டபத்தையே அடைந்திருக்கும். யாழினி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்து, குட்டியானையில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். இடமில்லாததால் தியாகராசன் பின்னால் ஏறி, பீரோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி புறப்பட்டபோது அறிவுச்செல்வன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஜாக்கியைத் தேடினார்.

சக்கரம் கழன்றது. ஸ்பேசர் கழலவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டியதும் மஞ்சள் தூள் பொலபொலவென்று கொட்டியது. செம்மொழி குனிந்து விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

“சந்தனம்.”

 விரலை அவர் பக்கம் நீட்டினாள். “தொடைக்கலியா?”

“சாமிக்கு வச்சத எப்படித் தொடைக்கிறது?”

“பின்பக்கமும் வச்சியளா?”

“ரெண்டு பக்கமும்தான். ஒரு பக்கம் மட்டும் வச்சா நல்லாவா இருக்கும்?”

“மூஞ்சியில வைக்கிற பொட்ட முதுகுலயும் வச்ச மொத ஆளு நீங்கதான்” என்றாள் செம்மொழி.

அறிவுச்செல்வன் தமிழ்நிலா பக்கம் திரும்பினார். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “சுத்தமா இருக்கணும்னுதான சொன்ன நிலா? சந்தனம் அழுக்கா?”

துரு, அழுக்கு, பழைய பெயிண்டு. படத்தில் பேசியவர் சொன்னது அவ்வளவுதான். அந்த இடத்துக்குச் சந்தனம் என்று ஒன்று வந்து சேரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

“அழுக்கு இல்லண்ணே. ஆனா நடுவுல இருந்துச்சு.”

அவர் தூளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெஷின்காரருக்கு மீதியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஈரச் சந்தனத்தை நடுவில் வைத்து முடுக்கியபோது ரெஞ்சு ‘டக்’கென்றது. இரும்பும் இரும்பும் சேர்ந்துவிட்டன என்று நினைத்தார். சேரவில்லை. கார் நின்ற இடத்திலேயே சந்தனம் காய்ந்தது. இன்றைக்கு ஓட ஓட அது பொடிந்து உதிர்ந்தது. உதிர்ந்த அளவுக்கு நட்டு தளர்ந்தது. வலது சக்கரத்தையும் கழற்றினார். அங்கேயும் அதே மஞ்சள், அதே தளர்ச்சி. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

இரண்டையும் வழித்துத் துடைத்து மறுபடி மாட்டினார். பெண்கள் இருவரையும் ஆடுதுறைக்குப் போகிற மினி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். காலிக் காரை மெல்ல உருட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். கல்யாணத்துக்கு வரவில்லை.

மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் விடவில்லை. “பொண்ண முதல்ல எறக்குனீங்களா, பீரோவ முதல்ல எறக்குனீங்களா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். யாழினியும் சேர்ந்து சிரித்தாள். தியாகராசன் சிரிக்கவில்லை.

தெருவில் யாரும் அறிவுச்செல்வனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி முடித்திருப்பார். கூப்பிடாமல் இருந்தார்கள். மூன்றாம் வீட்டுப் பெண்ணைச் செக்கப்புக்கு அழைத்துப்போக ஆட்டோ வந்தது. பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீஸ் போகிறவர்கள் பஸ்ஸில் போனார்கள். வாசலில் கார் நின்றுகொண்டிருக்க, அதைத் தாண்டித்தான் எல்லோரும் போனார்கள். சாவடிப் பக்கம் அவர் வந்தால் யாராவது ஒருவர் குட்டியானை ஹாரன் மாதிரி வாயால் ஊதுவார். அதற்கு மட்டும் அவரும் சிரித்துவிடுவார்.

மாசியில் காரை மறுபடி மயிலாடுதுறைக்குக் கொண்டுபோனார். தளர்ந்து ஓடிய போல்ட்டுகளை நம்பக்கூடாது என்று அத்தனையையும் மாற்றினார். ஸ்பேசர் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஹப்பின் முகத்தைத் தம் கையாலேயே தேய்த்து, வெறுந்துணியால் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து மாட்டினார். டார்க் ரெஞ்சு ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார். நூறு கிலோமீட்டர் ஆனதும் ஒருமுறை முடுக்கினார். பிறகு செம்மொழியை ஏற்றிக்கொண்டு கோடியக்கரை வரை போய்வந்தார்.

“பறவ பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னாரு” என்று செம்மொழி தமிழ்நிலாவிடம் சொன்னாள். “பறவையெல்லாம் எங்களப் பாத்துச்சு. இவரு எறங்கி எறங்கி நட்டத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தாரு. ஒரு எடத்துலகூட அசையல.”

“அந்த வளையலக் கழட்டிப் போட்டா என்னவாம்?” என்று தெருவில் பலர் கேட்டார்கள். அவரிடமே கேட்டவர்களும் உண்டு. அவர் சொன்ன பதில் ஒன்றுதான். “கழட்டுனா தப்பு அதும் மேலன்னு ஆயிடும். தப்பு எம்மேல.” கொஞ்சம் கழித்து, “அதோட, பாக்கவும் நல்லாருக்குல்ல?” என்பார்.

வைகாசியில் தமிழ்நிலாவின் அண்ணன் இனியவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. சம்பவத்துக்குப் பின் கீழத்தெருவில் முதல் கல்யாணம். மாப்பிள்ளை எந்தக் காரில் போகிறார் என்பதைத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வீடும் வெளிக்கார் வைத்துவிட்டால் அதற்குப் பின் ‘நம்ம வண்டி’ என்று ஒன்று கிடையாது. அது அறிவுச்செல்வனுக்கும் தெரியும். ராசம்மாளுக்கும் தெரியும். அவள் இனியவனுக்கும் தமிழ்நிலாவுக்கும் அம்மா. மயிலாடுதுறையில் ஒரு காருக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் இரண்டுமுறை கைப்பேசியை எடுத்துவிட்டாள், சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் அறிவுச்செல்வன் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. ராசம்மாள் டீ போட்டுக் கொடுத்தாள்.

“அந்த வளையம் இன்னும் இருக்காப்பா?”

“இருக்கு சித்தி.”

“கழட்டிட்டு வாயேன். நானே உன் வண்டிதான்னு சொல்லிடுறேன்.”

“அன்னிக்கு ஓடுனத விட இப்ப சரியா இருக்கு சித்தி. நீ வேணா தொட்டுப் பாரு.”

“எனக்கு நட்டும் தெரியாது போல்ட்டும் தெரியாது. எம்புள்ள கல்யாணத்துக்குக் குட்டியானையில போவ முடியாது, அது தெரியும்.”

“போவ வேணாம்.”

“தியாகராசன் பாட்டுக்குப் பீரோவப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. எங்க வீட்டுல பீரோவப் புடிக்கக்கூட ஆளில்லப்பா.” ராசம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். “நான் சொல்லல. நிலா சொல்லட்டும். அன்னிக்கு அவ காதுக்குத்தான கேட்டுச்சு. அவ ஏறலாம்னா ஏறலாம். வேணாம்னா வேணாம்.”

இரண்டு பேரும் தமிழ்நிலாவைப் பார்த்தார்கள். அவள் டீ டம்ளரை வாங்கிக்கொண்டாள். அறிவுச்செல்வன் அங்கே ஒன்றும் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அவள் வாசல் வரை வந்தாள். எதிரே புங்கமரத்தடியில் கார் நின்றது. கழுவியிருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. சக்கரத்தில் இல்லை. பின்பக்கம் தரையை நன்றாக மிதித்துக்கொண்டு நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவள் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

“நீ சரின்னு சொன்னாலும் சரி, வேணாம்னு சொன்னாலும் சரி” என்றார். “அது ஒன் இஷ்டம். நான் அதுக்கு நிக்கல. ஆனா சரின்னு சொல்றதா இருந்தா எனக்கு ஒண்ணு செய்யணும்.”

“என்னண்ணே?”

“கல்யாணத்தன்னிக்கு வண்டியப் படிக்கிட்ட கொண்டாந்து நிறுத்துவேன். இனியவன் ஏறப் போவான். மேளக்காரங்க ஊதி முடிச்சு மூச்சு வாங்குவாங்கல்ல, அந்த நேரம். அந்த நேரம் பாத்து, தெருக்கோடில நிக்கிறவனுக்கும் கேக்கற மாதிரி என்னக் கேளு, ‘அண்ணே, நட்டு முடுக்குனீங்களா’ன்னு. அன்னிக்குக் காருக்குள்ள சொன்னியே, அந்தக் குரல் வேணாம். நீ சத்தம் போட்டு இந்தத் தெருவுல யாரும் கேட்டதில்ல. நீ கேட்டா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. எனக்குக் கோவம் வரும், மொறப்பேன். மொறச்சாலும் விடாத. நான் குனிஞ்சு ஒவ்வொண்ணா தொட்டுத் தெருவுக்கே காட்டுற வரைக்கும் உங்கண்ணன ஏற விடாத.”